இலையைப் பார்த்து ஜூனிப்பருக்குத் தொட்டி மாற்றாதீர்கள்

செத்துப்போன ஜூனிப்பர் பல வாரங்களுக்குப் பச்சையாகவே நிற்கும். போன்சாயாக, அதாவது தொட்டியில் குட்டை மரமாக வளர்க்கிறார்களே, அந்த ஊசியிலை மர வகையைத்தான் சொல்கிறேன். வேர் அழுகியிருக்கும், தண்டில் நீரோட்டம் நின்றிருக்கும், செடியின் கணக்கே முடிந்திருக்கும். இலை மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். வீட்டுக்காரரும் தவறாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார். ஒரு நாள் தற்செயலாகக் கை பட்டால் இலை மொறமொறவென்று உதிரும். "நேற்று வரை நன்றாகத்தானே இருந்தது" என்பார். நேற்றும் நன்றாக இல்லை, போன மாதமும் நன்றாக இல்லை.

ஜூனிப்பருக்கு எப்போது தொட்டி மாற்றுவது என்ற கேள்வி சிக்கலாவது இந்தக் குணத்தால்தான். பெரும்பாலான செடிகளில் இலையே நமக்கு முன்கூட்டித் தகவல் சொல்லிவிடும். நியூ ஜெர்சியில் நான் குடியிருக்கும் பகுதியில் தமிழர் வீடு என்றால் ஜன்னலோரம் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி இருந்தே தீரும். அக்டோபரில் குளிர் தட்டியதும் அதை உள்ளே தூக்கி வருவதும், மே மாதம் மறுபடி வெளியே வைப்பதும் இங்கே ஒரு சடங்கு. கறிவேப்பிலை ஒளிவுமறைவு இல்லாத செடி. தண்ணீர் கூடினால் மஞ்சளாகும். குளிர் பட்டால் கொட்டும். இடம் போதாவிட்டால் தளிர் விடுவதை நிறுத்திக்கொள்ளும். பெரிய தொட்டிக்கு மாற்றி, புளித்த மோரைக் கொஞ்சம் ஊற்றினால் சமாதானமாகிவிடும். இதில் பழகிய கை, அதே வைத்தியத்தை ஜூனிப்பருக்கும் செய்யப் போகும்போதுதான் வம்பு ஆரம்பிக்கிறது.

இரண்டு தெரு தள்ளி இருக்கும் தம்பி ஒருவர் இந்த மார்ச்சில் அழைத்தார். அலுவலகத்தில் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்த குட்டிப் போன்சாய். "அண்ணா, கொஞ்சம் மங்கலாக இருக்கிறது. பெரிய தொட்டியில் வைத்துவிடட்டுமா?" என்றார். போய்ப் பார்த்தேன். வணிக வளாகங்களில் விற்பார்களே, அந்த ரகம்: தரையோடு படரும் ஜூனிப்பருஸ் புரோகும்பென்ஸ் 'நானா', ஊசி ஊசியான இலை, கையகலத் தொட்டி, மேலே பளபளவென்று கூழாங்கற்கள். கல்லை விரலால் நகர்த்திப் பார்த்தேன், நகரவில்லை. பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். லாரியில் போகும்போது மண் கொட்டாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. ஊற்றும் தண்ணீர் கல்லின் மேல் ஓடித் தொட்டி விளிம்பு வழியாக வழிந்துவிடும், நடுவில் இருக்கும் வேருக்கு ஒரு சொட்டும் போகாது. அதோடு செடி வைத்திருந்த இடம் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில், ஹீட்டர் காற்று நேராக அடிக்கும் மேஜை.

அந்தச் செடிக்குத் தேவைப்பட்டது புதுத் தொட்டி இல்லை, வெயில். ஜூனிப்பர் வீட்டுக்குள் வாழாது. அதற்கு நாள் முழுக்க வெயில் வேண்டும், குளிர்காலத்தில் உறக்கமும் வேண்டும். இங்கே நெடுஞ்சாலை ஓரங்களில் தானாக முளைத்து நிற்கும் கூம்பு மரங்களில் பாதி ஜூனிப்பருஸ் வர்ஜீனியானாதான், ஒரு காலத்தில் பென்சிலுக்கு அறுத்த அதே மரம். ஜனவரிப் பனியில் இலை கொஞ்சம் செம்பு நிறமாகி, ஏப்ரலில் மறுபடி பச்சைக்கு வரும். அதன் சொந்தக்காரச் செடியை நாம் போர்வை போர்த்தாத குறையாக உள்ளே வைத்துக்கொள்கிறோம். கல்லைத் திருப்புளியால் நெம்பி எடுத்தோம். பனி இறங்காத நாள்களில் பகலில் வெளியே வைத்துப் பழக்கிவிட்டு, பிறகு நிரந்தரமாக வெளியே வைக்கச் சொன்னேன். தொட்டி மாற்றம் அடுத்த வருடம் பார்க்கலாம் என்றதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்ற துடிப்போடு இருப்பவரிடம் "சும்மா இருங்கள்" என்று சொல்வது எனக்கும் சங்கடம்தான்.

புத்தகங்களில் இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை தொட்டி மாற்றச் சொல்லியிருக்கும். இளஞ்செடிக்கு அது சுமாரான கணக்கு. வயதான மரம் நான்கைந்து வருடமோ அதற்கு மேலோ ஒரே தொட்டியில் நிம்மதியாக இருக்கும். நாள்காட்டியை வைத்துத் தொட்டி மாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரே வருடம் வாங்கிய இரண்டு செடிகளில் ஒன்றின் வேர் தொட்டியை நிரப்பியிருக்கும், இன்னொன்று அப்போதுதான் மண்ணைப் பிடிக்க ஆரம்பித்திருக்கும். இரண்டாவதை இழுத்து வெளியே போட்டால் அதற்கு நாம் செய்வது கெடுதல்.

நான் பார்ப்பது தண்ணீரை. பூவாளியில் ஊற்றும்போது மண் அதை உடனே விழுங்குகிறதா, குளம்போல் மேலே நிற்கிறதா என்று கவனிப்பேன். நல்ல நிலையில் இருக்கும் தொட்டியில் தண்ணீர் ஊற்றிய கையோடு கீழ்த் துளையில் ஒழுக ஆரம்பித்துவிடும். ஊற்றியது மேலேயே தேங்கி, யோசித்து யோசித்து இறங்குகிறது என்றால் ஒன்று மண் துகள்கள் நொறுங்கிச் சேறாகிவிட்டன, இல்லையேல் வேர் இடைவெளியை எல்லாம் அடைத்துக்கொண்டது. இதை ஒரு நாள் பார்த்துவிட்டு முடிவுக்கு வரக்கூடாது. காய்ந்துபோன பீட் (சதுப்புநில மக்கு) மண்ணும் முதல் தண்ணீரை இப்படித் தள்ளிவிடும். நன்றாக நனைத்து, அடுத்த முறை ஊற்றும்போதும் தேங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு மூங்கில் குச்சியை மண்ணில் செருகிப் பார்ப்பதும் உண்டு. வேர் அடைத்த தொட்டியில் குச்சி விரற்கடை அளவுகூட இறங்காது.

அடுத்தது, செடி தானாகவே மேலே எழும்பியிருப்பது. அடியில் சுற்றிய வேர் தடிமனாகித் தடிமனாகி மொத்தக் கட்டியையும் தொட்டியிலிருந்து உந்தித் தள்ளும். போன வருடம் விளிம்புக்குக் கீழே இருந்த மண் இந்த வருடம் விளிம்புக்கு மேலே மேடாக நிற்கும். இதெல்லாம் சந்தேகமாக இருந்தால் இளவேனில் தொடக்கத்தில் செடியை மெல்லத் தூக்கிப் பார்த்துவிடலாம். சுற்றிலும் வேர் வளையம் வளையமாக ஓடித் தொட்டியின் வடிவத்திலேயே நின்றால் மாற்ற வேண்டும். மண் உதிர்ந்து விழுந்தால் மாற்ற வேண்டாம், அப்படியே திரும்ப வைத்துவிடலாம். இப்படிப் பார்ப்பதால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

இலையில் தெரியும் மாற்றங்களில் முக்கால்வாசி தொட்டி சம்பந்தப்பட்டதே இல்லை. உள்பக்கம் வெயில் படாத பழைய இலைகள் இலையுதிர்காலத்தில் பழுப்பாகி உதிர்வது இயற்கை. குளிர்காலச் செம்பு நிறமும் இயற்கை. செடி முழுக்கச் சாம்பல் பூத்ததுபோல் மங்கினால் முதலில் சிலந்திப்பேனைச் சந்தேகப்படுங்கள். கிளைக்கு அடியில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு கிளையைத் தட்டுங்கள். தாளில் விழுந்த தூசியில் சில புள்ளிகள் நடக்க ஆரம்பித்தால் அதுதான். தண்ணீரைப் பீய்ச்சி அடித்து இலையின் அடிப்புறத்தைக் கழுவுவதிலிருந்து வைத்தியத்தைத் தொடங்க வேண்டும். சிலந்திப்பேன் பிடித்த செடியின் வேரையும் வெட்டினால் அது தாங்காது.

காலம் என்று பார்த்தால், எங்கள் ஊரில் மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை. ஜூனிப்பருக்கு மேப்பிள்போல மொட்டு வீங்கி அறிவிப்புக் கொடுக்கும் பழக்கம் கிடையாது. குளிர்கால மங்கல் விலகி, கிளை நுனிகள் மட்டும் வெளிர் பச்சைக்கு மாறத் தொடங்கும்; அதுதான் சமிக்ஞை. வேர் வேலையைத் தொடங்கியிருக்கும், கோடை வருவதற்குள் வெட்டுப்பட்ட இடத்தில் புது வேர் விட அவகாசமும் இருக்கும். கோடை வெப்பம் தணிந்த பிறகு செப்டம்பர் வாக்கிலும் செய்கிறார்கள். குளிர் கடுமையான ஊரில் எனக்கு அதில் துணிவு வரவில்லை. புது வேர் பிடிப்பதற்குள் மண் உறைந்துவிட்டால் பாடுபட்டதெல்லாம் வீண். அதே காரணத்தால் ஏப்ரலில் மாற்றிய செடியையும் உறைபனி வரும் இரவுகளில் கராஜுக்குள் வைத்துவிடுவேன். சாதாரணமாகப் பனியைப் பொருட்படுத்தாத ஜூனிப்பர், வேர் வெட்டிய புதிதில் மட்டும் கொஞ்சம் பச்சைக்குழந்தைதான்.

இவ்வளவு சிறிய தொட்டியில் ஒரு மரம் எப்படி வாழ்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் இதோயிகாவாவைக் காட்டுவேன். ஜப்பானின் நீகாதா மாகாணத்தில் கடலோர ஊர். அதன் பின்னால் நிற்கும் சுண்ணாம்புக்கல் செங்குத்துப் பாறைகளில் ஷிம்பாக்கு என்ற ஜூனிப்பர் பாறை இடுக்கில் வேர்விட்டு வளர்ந்தது. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கயிறு கட்டி இறங்கி உயிரைப் பணயம் வைத்து அவற்றைப் பெயர்த்து வந்தார்கள். இன்று அந்த மலைகளில் நல்ல மரம் மிச்சமில்லை என்னும் அளவுக்குப் பெயர்த்துவிட்டார்கள். அவற்றின் கிளைகளிலிருந்து வளர்த்த கன்றுகள்தான் இன்று உலகம் முழுக்க 'இதோயிகாவா' என்ற பெயரில் விற்கின்றன. என் வீட்டில் இருப்பதும் அந்த ரகம்தான், நர்சரியில் பிளாஸ்டிக் தொட்டியில் வாங்கியது.

அந்தப் பாறை மரங்களின் படங்களைப் பார்த்தால் தொட்டி மாற்றுபவருக்கு ஒரு பாடம் இருக்கிறது. தண்டில் பெரும்பகுதி வெள்ளை எலும்புபோல் காய்ந்திருக்கும். ஒரு ஓரமாக மட்டும் பழுப்பு நிறப் பட்டை நாடாபோல் ஏறிப் போய் ஒரு கிளையைப் பச்சையாக வைத்திருக்கும். ஜூனிப்பரில் இன்ன வேர் இன்ன கிளைக்கு என்று கிட்டத்தட்ட நேர் இணைப்பு. ஒரு பக்கத்துத் தடித்த வேரை வெட்டினால் அந்தப் பக்கத்துக் கிளை சில மாதங்கள் கழித்துக் காயும். மற்ற மரங்களைப்போல் இருப்பதை எல்லாக் கிளைகளும் பங்கிட்டுக்கொள்ளும் என்று நம்ப முடியாது. அதனால் தடித்த வேரில் கத்தரி வைக்கும் முன் அது தண்டில் எங்கே சேர்கிறது, அங்கிருந்து பட்டை எந்தக் கிளைக்குப் போகிறது என்று விரலால் தடவிப் பார்த்துக்கொள்வது நல்லது.

என் ஷிம்பாக்குவுக்கு இந்த ஏப்ரலில் முறை வந்தது. முந்தின நாளே தண்ணீரை நிறுத்திவிட்டேன், மண் அரைகுறை ஈரத்தில் இருந்தால்தான் வேரிலிருந்து பிரியும். தொட்டியின் உள்விளிம்போரமாக வளைந்த சிறு அரிவாளை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி, பழைய கட்டுக்கம்பிகளை அடியில் நறுக்கிவிட்டுத் தூக்கினேன். தொட்டியின் அச்சு அப்படியே வந்தது. பக்கவாட்டில் செம்பழுப்பு வேர்கள் கயிறு திரித்ததுபோல் ஓடின, நுனிகளில் மட்டும் வெள்ளை. வெள்ளை நுனி என்றால் வேர் உயிரோடு ஓடிக்கொண்டிருக்கிறது. அடியில் நடுப்பகுதியில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்து, தொட்டால் தோல் உரிந்து உள்நரம்பு மட்டும் கையோடு வந்தது. முகர்ந்தால் சாக்கடை வாடை. தண்ணீர் தேங்கிய இடம் அதுதான். மேலே இலையில் இதற்கு ஒரு தடயமும் இல்லை.

பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "இத்தனை வேரையும் வெட்டினால் பிழைக்குமாடா? தாய்மண்ணோடு எடுத்து வைக்க வேண்டாமா?" என்றார். ஊரில் தென்னங்கன்று, மாங்கன்று எல்லாம் தாய்மண் கலையாமல் நட்டுப் பழகியவர். அவர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது, அந்தப் பாதியை நான் கடைப்பிடிக்கவும் செய்கிறேன். கட்டியை மனதுக்குள் இரண்டாகப் பிரித்துக்கொண்டு, ஒரு பாதியில் மட்டும் பழைய மண்ணை முழுக்க நீக்குவேன். மறு பாதியை அப்படியே விட்டுவிடுவேன். அழுகியது இருந்தால் மட்டும் எந்தப் பக்கம் என்று பாராமல் வெட்டி எறிவேன். தொடாத பாதி செடிக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கும்போது தொட்ட பாதி புது மண்ணில் புது வேர் விடும். அடுத்த முறை மாற்றும்போது மறு பாதி. ஜூனிப்பரை ஒரே மூச்சில் கழுவி எடுத்து வேரை அம்மணமாக்குவது கூடாது. வேரில் குடியிருந்து செடிக்கு உதவும் உட்பூசணமும் அதோடு போய்விடும். நம் ஊர் விவசாயிகள் 'வேம்' என்று பாக்கெட்டில் வாங்கிப் போடுவார்களே, அந்த வகைதான் ஜூனிப்பர் வேரிலும் வாழ்கிறது. பைன் மர வேரில் தெரியும் வெள்ளைப் பூஞ்சை இழை ஜூனிப்பரில் கண்ணுக்குத் தெரியாது. தெரியவில்லை என்பதால் பதற வேண்டாம்.

குச்சியால் கோதும்போது தண்டிலிருந்து வெளிப்பக்கமாகக் கோத வேண்டும், குத்தக்கூடாது. சுற்றிக்கொண்டிருந்த நீள வேர்களைப் பிரித்து நீட்டி, தொட்டிக்கு உள்ளே அடங்கும் அளவுக்கு வெட்டினேன். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேர் போகக்கூடாது என்பது நான் வைத்திருக்கும் எல்லை. காற்றுப் பட்டால் நுண்வேர் காய்ந்துவிடும், எனவே பக்கத்தில் தெளிப்பான் இருக்க வேண்டும். கையுறையும் வேண்டும். ஜூனிப்பர் இலை உரசினால் சிலருக்குக் கை முழுக்கச் சிவந்து அரிக்கும், எனக்கு அரிக்கும்.

மண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், பெரும்பாலான ஜூனிப்பர்கள் அங்கேதான் மாட்டுகின்றன. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை முழுக்க நனைத்து, படுக்கை வசமாகப் பிடித்துச் சொட்டுவது நிற்கும்வரை காத்திருங்கள். பிறகு அதையே நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள். இன்னும் தண்ணீர் ஒழுகும். தொட்டியிலும் இதுதான் நடக்கிறது. வடிந்து முடிந்த பிறகும் அடியில் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குத் தண்ணீர் தங்கிவிடும். அந்த உயரத்தைத் தீர்மானிப்பது மண் துகளின் அளவு, தொட்டியின் ஆழம் இல்லை. ஆழமான தொட்டியில் அந்த ஈரப்பகுதி அடியில் கொஞ்சம் இடத்தைத்தான் பிடிக்கும். அதே மண்ணைத் தட்டையான போன்சாய்த் தொட்டியில் போட்டால் பாதித் தொட்டி சதுப்பு நிலம். தோட்டத்து மண்ணும் மண்புழு உரமும் தேங்காய் நார்க்கழிவும் கலந்து ரோஜாவுக்குப் போடும் கலவை இங்கே உதவாதது இதனால்தான். அடியில் ஒரு வரிசை ஜல்லி போட்டால் வடிந்துவிடும் என்பதும் பொய். ஜல்லிக்கு மேலே அந்த ஈரப்பகுதி அப்படியே ஏறி உட்காரும், வேருக்கு இருந்த இடமும் குறையும்.

துகள் பெரிதாக இருந்தால் நீர் தங்கும் உயரம் குறையும். நான் போடுவது அகடாமா, எரிமலை நுரைக்கல், எரிமலைக் கல் மூன்றும் சம அளவு, துகள் மூன்று முதல் ஆறு மில்லிமீட்டர். அகடாமா ஜப்பானின் கான்டோ சமவெளியில் வெட்டியெடுக்கும் எரிமலைக் களிமண் உருண்டை. ஈரத்தையும் சத்தையும் பிடித்து வைக்கும். உறைந்து உருகும் குளிர்காலங்களில் சில வருடங்களில் பொடியாகிவிடும். பொடியாகும்போது மேலே சொன்ன 'தண்ணீர் தேங்குகிறது' என்ற அறிகுறி வரும். விலை கையைக் கடிக்கும். கிடைக்காவிட்டால் நுரைக்கல்லும் எரிமலைக் கல்லும் மட்டும் போதும், தண்ணீர் அடிக்கடி ஊற்ற வேண்டியிருக்கும், அவ்வளவுதான். எதைப் போட்டாலும் சல்லடையில் சலித்துத் தூளைக் கொட்டிவிடுங்கள். சலிக்காமல் போட்ட விலை உயர்ந்த மண், சலித்துப் போட்ட மலிவு மண்ணைவிட மோசம்.

தொட்டியும் அளவாக இருக்க வேண்டும். பெரிய தொட்டி வைத்தால் வேகமாக வளரும் என்ற கறிவேப்பிலை நியாயம் இங்கே செல்லாது. வேர் எட்டாத மண்ணில் உள்ள ஈரத்தைக் குடிக்க ஆள் இல்லை, அது நாள்கணக்கில் ஊறிக்கிடக்கும். வெட்டிய பிறகு வேரைச் சுற்றி இரண்டு விரல் இடம் இருந்தால் தாராளம். நான் பழைய தொட்டியிலேயே திரும்ப வைத்தேன்.

துளைகளில் வலை, அதன் வழியே கீழிருந்து அலுமினியக் கம்பி, அடியில் மெல்லிய மண்படுகை, நடுவில் சிறு மேடு. செடியை மேட்டில் வைத்து இப்படியும் அப்படியும் அழுத்தித் திருகினால் அடியில் காற்றுப்பை இல்லாமல் உட்காரும். பிறகு கம்பியை வேர்க்கட்டின் மேல் இழுத்து முறுக்கினேன். தண்டைப் பிடித்து ஆட்டினால் தொட்டியும் சேர்ந்து ஆட வேண்டும், செடி மட்டும் ஆடக்கூடாது. இந்தக் கட்டை அலட்சியம் செய்பவர்கள் அதிகம். காற்றில் செடி அசைந்தால் அன்றாடம் விடும் நுண்வேர் அன்றாடம் அறுந்துபோகும், ஆறு மாதம் கழித்தும் வேர் பிடித்திருக்காது. பிறகு மண்ணைப் போட்டுக் குச்சியால் மெல்ல அசைத்து இறக்கினேன். துகள் இறங்கும்போது குச்சிக்கு ஓர் எதிர்ப்புத் தெரியும், அது தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். மேலும் இடித்தால் அகடாமா உடையும். கடைசியில் அடித்துளையில் வரும் தண்ணீரின் காவி நிறம் போய்த் தெளியும்வரை தண்ணீர்.

இலையை நான் வெட்டவில்லை. வேர் குறைந்ததால் இலையையும் சமமாகக் குறைக்க வேண்டும் என்று பலர் எழுதுகிறார்கள். ஜூனிப்பருக்கு நான் அதைச் செய்வதில்லை. அதன் பலம் இலையிலும் கிளை நுனியிலும் இருக்கிறது. புது வேர் விட வைப்பதும் அந்த நுனிகள்தான். ஒரே பருவத்தில் மேலேயும் கீழேயும் கை வைத்தால் ஷிம்பாக்கு கோபித்துக்கொண்டு, மென்மையான செதில் இலைகளுக்கு நடுவே இளஞ்செடிபோல் முள் முள்ளாக ஊசி இலை விடும். அது மறைந்து பழையபடி செதில் வர ஓரிரு வருடம் ஆகும். சிலர் அதைப் பிடுங்கிப் பிடுங்கி இன்னும் மோசமாக்குவார்கள்.

இரண்டு, மூன்று வாரம் காற்றடிக்காத, காலை வெயில் மட்டும் படும் இடம். ஒரு நாளில் பலமுறை இலைக்குத் தெளிப்பு. மண்ணுக்கு மேல்பக்கம் காய ஆரம்பித்த பிறகே தண்ணீர், இலை அதிகம் குடிக்காத நேரத்தில் மண்ணையும் நனைத்துக்கொண்டே இருந்தால் பழைய அழுகல் திரும்பிவிடும். உரம் ஒரு மாதம் கழித்து, அதுவும் நுனிகளில் வெளிர் பச்சை நீண்டிருப்பதைப் பார்த்த பிறகு. என் செடிக்கு மே கடைசியில்தான் போட்டேன்.

வேர் அழுகி, காலமும் தப்பிப்போன செடி கையில் இருந்தால்? ஜூலை வெயிலில் வேரைப் பிரிப்பது கொலை. அதற்குப் பதில் கட்டியைக் கலைக்காமல் அப்படியே தூக்கி, கொஞ்சம் பெரிய வலைத்தொட்டியில் துகள் மண்ணைச் சுற்றிலும் போட்டு வைத்துவிட்டு அடுத்த வசந்தம்வரை ஓட்டலாம். எல்லாச் செடியும் பிழைக்கும் என்று சொல்ல மாட்டேன்.

சென்னையிலிருந்து உறவினர்கள் படம் அனுப்பி இதே கேள்வியைக் கேட்கிறார்கள். ஊட்டி, கொடைக்கானல் குளிரில் ஜூனிப்பர் வசதியாக வளரும், பெங்களூரிலும் நன்றாகவே வளர்க்கிறார்கள். சென்னைக் கோடையும் உறக்கமில்லாத குளிர்காலமும் அதற்கு ஒத்துவருவது கஷ்டம். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த டிசம்பர் கடைசி, ஜனவரி நாள்களில் மாற்றுங்கள், சித்திரையில் தொடாதீர்கள். புதிதாக வாங்கப் போகிறீர்கள் என்றால் ஆல், அரசு இனத்தைச் சேர்ந்த இச்சி மரத்துக் கன்றாகப் பார்த்து வாங்குங்கள்.